சுச்சேபாட்டியில் நிற்கும் தாய்

ஹந்தானைத் தோட்டப் பகுதிகளில் ஒரு பெண் "மலைக்குப் போறேன்" என்று சொன்னால் வேலைக்குப் போகிறார் என்றுதான் அர்த்தம். சிகரம் ஏறப் போகிறார் என்று எவரும் நினைக்கமாட்டார்கள். கொழுந்து பறிக்கும் இடத்துக்குத்தான் அங்கே மலை என்று பெயர். விடிய முன் எழும்பி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி வைத்து, பிரட்டுக்களத்தில் நின்று, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறவேண்டும். நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். அதே ஹந்தானையின் ஏழு சிகரங்களுக்கும் விடுமுறை நாட்களில் பல்கலைக்கழக மாணவர்களும் வெளியூர் இளைஞர்களும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். மலை ஒன்றுதான். ஒருவருக்கு அது சாதனை, மற்றவருக்கு நாட்சம்பளம். உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்பவரைத்தான் மலையேறுபவர் என்கிறோம்.

ஹந்தானையின் ஆக உயர்ந்த சிகரமும் 1,200 மீற்றரைத் தொடாது. எவரெஸ்ட் 8,848 மீற்றருக்கும் மேல். ஏழு ஹந்தானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் உச்சியை எட்டாது. அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அந்த இமயத்திலும் இதே கதைதான் நடக்கிறது. ஏறிப் பெயர் வாங்குபவர்கள் ஒரு பக்கம். கயிறு கட்டி, ஏணி போட்டு, மூட்டை சுமந்து அவர்களை ஏற்றிவிடும் ஷெர்பாக்கள் இன்னொரு பக்கம். ஷெர்பா என்றால் சுமை தூக்குபவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓர் இனத்தின் பெயர். பிறர் அவர்களுக்குக் கொடுத்த வேலை அவர்களுடைய பெயராகவே ஆகிவிட்டது. தோட்ட மக்கள் என்று நம்மவர்களை அழைப்பது நினைவுக்கு வருகிறதல்லவா?

அந்த ஷெர்பா இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு நேபாளத்தின் தலைநகரான காத்மண்டுவில் ஆளுயரச் சிலை இருக்கிறது. சாபஹில் என்னும் இடத்திலிருந்து பௌத்தநாத் தூபிக்குச் செல்லும் சாலையில், சுச்சேபாட்டி என்ற பகுதியில் அது நிற்கிறது. பெயர் பாசங் லாமு ஷெர்பா. எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்த முதல் நேபாளப் பெண்.

நகரங்களில் யாருக்குச் சிலை வைக்கிறார்கள் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அரசர்கள், தளபதிகள், அரசியல் தலைவர்கள். பெண்ணுக்கு வைத்தாலும் தெய்வமாகவோ இராணியாகவோதான் பெரும்பாலும் இருக்கும். கண்டி நகரில் மத்தும பண்டாரவின் சிலை இருக்கிறது. 1814 இல் கண்டி அரசனின் தண்டனைக்கு அஞ்சாமல் வாளின் முன் வந்து நின்ற சின்னப் பையன் என்று நமது பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். அந்தப் பையனுடைய தாய் போகம்பரைக் குளத்தில் அமிழ்த்திக் கொல்லப்பட்டதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். ஆகவே பள்ளிக்கூடம் போகாத, மூன்று பிள்ளைகளைப் பெற்ற ஒரு சாதாரணத் தாய்க்கு ஒரு தலைநகரம் சிலை வைத்திருக்கிறது என்பதை நான் பெரிய விடயமாகவே பார்க்கிறேன்.

பாசங் 1961 இல் எவரெஸ்ட் அடிவாரத்துச் சொலுகும்பு மாவட்டத்தில் பிறந்தவர். தகப்பன் மலை வழிகாட்டி. அந்த நாட்களில் ஷெர்பா வீடுகளில் ஆண் பிள்ளைகள் மலைக்கு மூட்டை சுமக்கப் போவார்கள். பெண் பிள்ளைகள் வீட்டையும் எருமையையும் வயலையும் பார்ப்பார்கள். இவருக்கு எழுத்தறிவு கிடைக்கவில்லை. விரும்பியவரை மணந்துகொண்டு காத்மண்டுவுக்கு வந்தார். கணவரும் மனைவியும் வெளிநாட்டவரை மலைப் பயணம் அழைத்துச் செல்லும் தொழிலை நடத்தினார்கள். பிள்ளைகள் மூவர் பிறந்தனர். தொழில் ஓரளவு நிலைபெற்ற பிறகும் அவருக்கு ஓர் ஆசை மிச்சமிருந்தது. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பெண்கள் வந்து எங்கள் மலையில் ஏறுகிறார்களே, எங்களில் ஒருத்தி ஏன் ஏறக்கூடாது?

அது வெறும் ஆசையல்ல, கணக்குப் பார்த்தால் நியாயமான கேள்வி. ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தபெய் 1975 மே 16 அன்று எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் ஆனார். அவரும் ஒரு சிறு குழந்தையின் தாய். இந்தியாவின் பச்சேந்திரி பால் 1984 மே 23 அன்று ஏறினார். மலை இருக்கும் நாட்டின் பெண் ஒருவரும் ஏறவில்லை.

பாசங் பிரான்சின் மொன்ட் பிளாங்க் போன்ற மலைகளில் ஏறிப் பயிற்சி பெற்றார். 1990 இல் ஒரு பிரெஞ்சுக் குழுவுடன் எவரெஸ்ட் சென்றார். ஆனால் உச்சிக்குப் போகும் இறுதிக் கட்டத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்குப் பின்னும் முயன்று பாதி வழியில் திரும்பினார். மூன்று முறை போய் மூன்று முறையும் வெறுங்கையோடு வந்த ஒரு பெண்ணை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. 1993 இல் இந்திய, நேபாளப் பெண்கள் சேர்ந்த ஒரு குழு எவரெஸ்டுக்குப் புறப்பட்டது. பாசங் அதில் சேரவில்லை. தானே தலைமை தாங்கி ஒரு குழுவை அமைத்தார். அந்த 1993 ஏப்ரல் 22 அன்று, ஐந்து ஷெர்பாக்களுடன் உச்சியை அடைந்தார்.

இறங்கும்போது காலநிலை கெட்டது. உடன்வந்த சோனம் செரிங் ஷெர்பா நோயுற்றார். ஏற்கனவே பலமுறை எவரெஸ்ட் ஏறிய அனுபவசாலி அவர். பாசங் அவரோடு மேலேயே தங்கினார். இருவரும் உயிரோடு திரும்பவில்லை. பாசங்குக்கு அப்போது 31 வயது.

எமது பெண்கள் வட்டத்தின் கூட்டம் ஒன்றில் இந்தக் கதையைச் சொன்னேன். வந்திருந்தவர்களில் பலர் 1983 க்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கே யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, மீண்டும் கண்டிப் பக்கம் உறவினரை நாடி வந்தவர்கள். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஒரு அக்கா கேட்டார்: "மிஸ், அந்த மூணு புள்ளைகளையும் பொறகு யாரு பாத்தாங்க?"

தகப்பன் இருந்தார், உறவுகள் இருந்தன என்றேன். "அப்படின்னா சரி" என்றார் அவர். ஆனால் பக்கத்தில் இருந்த இன்னொருவர் விடவில்லை. "ஆம்பள செத்தா இப்படிக் கேப்பமா அக்கா?"

நல்ல கேள்வி. உலகத்தின் பெரிய பத்திரிகைகளே இதைக் கேட்கத் தவறியிருக்கின்றன. பிரித்தானியாவின் அலிசன் ஹார்கிரீவ்ஸ் 1995 மே மாதத்தில் போத்தல் ஒட்சிசன் இல்லாமலே எவரெஸ்ட் ஏறினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று பாகிஸ்தானின் கே2 சிகரத்தில் ஏறி இறங்கும்போது புயலில் மாண்டார். அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள். இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு தாய் இப்படிப் போகலாமா என்று அந்நாட்டுப் பத்திரிகைகளில் எழுதினார்கள். அதே புயலில் ஆண்களும் இறந்தார்கள். அவர்களைப் பற்றி இப்படி எவரும் எழுதிக் குவிக்கவில்லை.

முதலில் கேட்ட அக்காவின் கேள்வியை நான் பழைமைவாதம் என்று தள்ளமாட்டேன். அவர் தன் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். ஓர் ஆள் இல்லாமற் போனால் ஒரு வீட்டில் என்னென்ன நின்றுபோகும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கேள்வியைத் தாயிடம் மட்டும் கேட்பதுதான் பிழை. யுத்தத்துக்குப் போன ஆண்களிடமும், கடலுக்குப் போனவர்களிடமும், மலையில் கயிறு கட்டப் போனவர்களிடமும், முக்கியமாக அவர்களை அனுப்பியவர்களிடமும் கேட்கவேண்டிய கேள்வி அது.

மலையில் திரும்பி வருவதும் ஒரு திறமைதான். பாசங் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 2000 மே 18 அன்று, லக்பா ஷெர்பா என்ற பெண் எவரெஸ்ட் ஏறினார். உச்சியைத் தொட்டு உயிரோடு இறங்கிவந்த முதல் நேபாளப் பெண் இவர். இவரும் பள்ளிக்கூடம் போகாதவர். சுமை தூக்கும் வேலையிலிருந்து வந்தவர். பின்னர் அமெரிக்காவில் வாழ்க்கைப்பட்டு, கணவனின் அடி உதையால் மருத்துவமனை வரை போய், பெண் பிள்ளைகளோடு காப்பகத்தில் தங்கியவர். கடையொன்றில் பாத்திரம் கழுவிப் பிள்ளைகளை வளர்த்தார். இடையிடையே நேபாளம் போய் ஏறினார். 2022 மே 12 அன்று பத்தாவது முறையாக உச்சியில் நின்றார். அத்தனை முறை ஏறிய பெண் அதுவரை உலகில் வேறு எவரும் இல்லை.

நமது நாட்டிலிருந்தும் முதலில் எவரெஸ்ட் ஏறியது ஒரு பெண்தான். 2016 மே 21 அதிகாலையில் ஜயந்தி குரு-உதும்பால உச்சியை அடைந்தார். கொழும்பில் பெண்கள் அமைப்பொன்றில் பெண்களின் உரிமைக்காக வேலை செய்தவர் அவர். ஒரு நாட்டின் முதல் ஏற்றம் பெண்ணுடையதாக இருப்பது அபூர்வம். போலந்து அப்படி ஒரு நாடு, அங்கே 1978 இல் வண்டா ருட்கியேவிச் ஏறினார். ஜயந்தியோடு புறப்பட்ட ஜொஹான் பீரிஸ் உச்சிக்குச் சுமார் 400 மீற்றர் கீழே ஒட்சிசன் போத்தல் பிரச்சினையால் திரும்பிவிட்டார். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லையே என்று அழுதுகொண்டு அவர் மேலே போயிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும். இரண்டு ஆண்டுகளின் பின், 2018 மே மாதத்தில், அவரும் ஏறினார். தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, இரண்டு பிள்ளைகளின் தாய், 2023 மே 23 அன்று உச்சியை அடைந்தார். தமிழ்நாட்டுப் பெண்களில் அவரே முதலாமவர்.

மறுபடி பாசங்குக்கு வருவோம். அவருடைய உடலைப் பனியிலிருந்து மீட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். அந்த உயரத்திலிருந்து ஓர் உடலைக் கொண்டுவருவது எளிதல்ல. இறந்தவர்கள் பலர் இன்றும் அங்கேயே கிடக்கிறார்கள். காத்மண்டுவில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு வந்து அஞ்சலி செலுத்தினார்கள். நேபாள தாரா என்ற அரச விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். முத்திரை வெளியிட்டார்கள். ஜசாம்பா சிகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். திரிசூலியிலிருந்து துஞ்சே வரை செல்லும் நெடுஞ்சாலைக்கும் அவர் பெயர்தான். ஒரு கோதுமை இனத்துக்குக்கூட பாசங் லாமு என்று பெயரிட்டார்கள்.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அந்தக் கோதுமைதான். சிகரத்தை எத்தனை பேர் பார்ப்பார்கள்? மலைநாட்டு வயலில் நிற்கும் ஒரு பெண் இந்தப் போகத்துக்குப் பாசங் லாமு விதைத்தேன் என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். சிலைக்கு மாலை போட ஆண்டுக்கு ஒரு நாள் வருவார்கள். விதை ஒவ்வொரு போகமும் வரும்.

சிலை கிடைத்தவர் ஒருவர். கிடைக்காதவர்களின் வரிசை நீளமானது. டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் டென்சிங் நோர்கேயின் சிலை உள்ளது. 1953 மே 29 அன்று அவரோடு முதன்முதல் எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலரியே 1997 இல் வந்து அதைத் திறந்துவைத்தார். டார்ஜிலிங்கும் தேயிலை மலைதான். டென்சிங்குக்கு வேலை கிடைக்காத கஷ்ட காலத்தில் அவர் மனைவி ஆங் லாமு பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயா வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார். சிலையைச் சுற்றிவந்து படம் எடுப்பவர்களுக்கு அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

இனிச் சொல்லப்போவது சிலையை விட முக்கியமானது. எவரெஸ்டின் அடிவாரத்தில் கும்பு பனிவீழ்ச்சி என்று ஓர் இடம் உண்டு. வீடளவான பனிக்கட்டிகள் மெல்ல மெல்ல நகர்ந்து, பிளந்து, சரியும் ஓர் ஆறு அது. ஏறவரும் வெளிநாட்டவர் அதைச் சில தடவை கடப்பார். அவருக்கான கூடாரம், சாப்பாடு, ஒட்சிசன் போத்தல் எல்லாவற்றையும் மேலே சேர்க்கும் ஷெர்பா ஒரே பருவத்தில் பல தடவை கடப்பார். 2014 ஏப்ரல் 18 அதிகாலை அங்கே பனி சரிந்தது. 16 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் நேபாளத் தொழிலாளர்கள். சுற்றுலாவாக வந்த ஒருவர்கூட அதில் இல்லை.

அரசாங்கம் முதலில் அறிவித்த உதவித்தொகை குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஏறக்குறைய 400 அமெரிக்க டொலர். ஒரு வெளிநாட்டவர் எவரெஸ்ட் ஏறப் பல்லாயிரம் டொலர் செலவிடுகிறார் என்பதை நினைத்துக்கொண்டு இந்தத் தொகையைப் பாருங்கள். ஷெர்பாக்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். எங்கள் உயிருக்கு விலை இதுதானா என்று கேட்டார்கள். அந்தப் பருவத்தில் அந்தப் பக்கத்து ஏற்றம் அநேகமாக நின்றே போனது. அதன் பிறகு காப்புறுதித் தொகை உயர்த்தப்பட்டது. இறந்தபின் சிலை வைப்பதைவிட இருக்கும்போது காப்புறுதி போடுவது அந்த வீட்டுப் பெண்ணுக்கு உதவும். இதை நான் துணிந்தே சொல்வேன்.

அந்த 16 பேரில் மூவரின் உடல்கள் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் எனக்கு வாசிப்பதை நிறுத்தவேண்டியிருந்தது. உடல் கிடைக்காத சாவு என்றால் என்னவென்று இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் பலருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த மூன்று வீடுகளிலும் மலையைக் காட்டி "அங்கேதான் இருக்கிறார்" என்றாவது சொல்லமுடியும். எங்கே என்று காட்ட ஒரு திசைகூட இல்லாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

நேபாளத்திலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. பாசங்கின் மரணத்துக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1996 இல், அந்நாட்டில் உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. 2006 நவம்பரில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாகும் வரை பத்தாண்டுகள் நீடித்தது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் காணாமற் போனார்கள். சிலை நிற்கும் நகரத்திலேயே கணவனின் படத்தை ஏந்திக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறியிறங்கிய பெண்கள் இருக்கிறார்கள். நம்மைப் போலவே பொட்டு வைப்பதா விடுவதா, திவசம் செய்வதா விடுவதா என்று தெரியாமல் ஆண்டுகளைக் கடத்தியவர்கள்.

நமது நாட்டில் 2016 இல் நிறைவேற்றப்பட்ட ஒரு சட்டத் திருத்தத்தை இங்கே குறிப்பிடுவது பயனுள்ளது. காணாமற் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பம், அவர் காணப்படவில்லை என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் பாதுகாவலர் உரிமை, சொத்துக் காரியங்கள், கொடுப்பனவுகள் போன்றவற்றுக்கு அதைக் காட்டலாம். அதை எடுத்தால் ஆள் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. தேடுவதை அது நிறுத்தாது. இந்த வேறுபாட்டை அறியாததால் கையெழுத்துப் போடத் தயங்கும் தாய்மாரை நான் சந்தித்திருக்கிறேன். பிரதேச செயலகத்தில் விவரம் கேளுங்கள். தனியாகப் போகாமல் இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

பனிச்சரிவில் இறந்த ஷெர்பாக்களின் வீடுகளுக்குத் திரும்புவோம். நிமா டோமா ஷெர்பாவின் கணவர் அந்த 2014 விபத்தில் இறந்தார். புர்திகி ஷெர்பா என்பவரின் கணவர் அதற்கு முந்தைய ஆண்டு, ஏறுபவர்களுக்காக வழி அமைக்கும் வேலையில் இருந்தபோது அதே எவரெஸ்டில் இறந்தார். இரு பெண்களும் பிள்ளைகளோடு தனித்தார்கள். கைம்பெண் என்றால் ஒதுங்கி இருக்கவேண்டும் என்பது அங்கும் உள்ள வழக்கம்தான். நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாது, நிறத்துணி உடுத்தக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் நேபாளத்தின் பல சமூகங்களில் இருந்தன. நமக்குத் தெரியாதவையா?

இவர்கள் இருவரும் மலைப் பயணிகளுக்கு வழிகாட்டும் வேலையைக் கற்றுக்கொண்டார்கள். கணவன்மாரைக் கொன்ற மலையிலேயே சம்பளம் தேடவேண்டியிருந்தது, வேறு தொழில் அந்தப் பக்கத்தில் ஏது? பிறகு எவரெஸ்ட் ஏறுவதென்று தீர்மானித்தார்கள். பணத்துக்குப் பலரிடம் கையேந்தினார்கள். தங்கள் பயணத்துக்கு இரு விதவைகளின் பயணம் என்றே பெயர் வைத்தார்கள். விதவை என்ற சொல்லை நாம் மறைத்துப் பேசுகிறோம், குடும்பத் தலைமைப் பெண் என்று சுற்றி வளைக்கிறோம். அவர்கள் அந்தச் சொல்லையே பதாகையில் எழுதிக்கொண்டு புறப்பட்டார்கள். இதில் எது சரி என்று எங்கள் வட்டத்தில் இன்னும் விவாதம் நடக்கிறது.

ஏறுவதற்கு, கணவன்மாரின் உயிரைக் குடித்த அதே மலையை அவர்களும் கடக்கவேண்டியிருந்தது. அதே பனிப்பாதை, அதே ஏணிகள், அதே கயிறுகள். 2019 மே 23 அன்று இருவரும் உச்சியை அடைந்தார்கள். இருவரும் பத்திரமாக இறங்கிப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தார்கள்.